பச்சை டிக்குக்காக நின்ற ஜீப்புகள்

புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே என்று நசீமா கேட்டு மூணு மாசம் ஆகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதியதைப் பார்த்து இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் சிரிக்குமோ என்று மூணு மாசமும் பயந்துகொண்டே இருந்தேன். அப்புறம் யோசித்தேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி பயத்தைப் பற்றித்தான். அதையே எழுதிவிடலாம்.

ஏபிஐ ஏன் மெதுவாகப் பதில் சொல்கிறது என்று கேட்டால் உங்களுக்கே நாலு காரணம் தெரியும். டேட்டாபேஸில் இன்டெக்ஸ் போடாமல் விட்டிருப்பான். ஒரே தடவை கேட்க வேண்டியதை நூறு தடவையாகப் பிரித்துக் கேட்டிருப்பான். பெயரை மட்டும் கேட்டவனுக்குப் போட்டோ, முகவரி, பூர்வீகம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பியிருப்பான். எல்லாம் சரியான காரணங்கள்தான். எல்லாவற்றையும் நாங்களும் செய்திருக்கிறோம். நான் சொல்லப் போவது இன்னொன்று. அதை எங்கள் சர்வரில் எழுதி வைத்தவன் நான். என் மனைவியை நினைத்து எழுதினேன். அதை எடுக்க வேண்டி வந்த நாளில் அவள் மலைமேல் இருந்தாள்.

நம் ஆபீஸ் தேனியில் உரக்கடை மாடியில் இருந்த காலம் அது. நம் முதலாளி உத்தமபாளையத்துக்காரர், எல்லாருக்கும் 'பாய்'. கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னால் அவருக்கு நாலு ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் மலை ஏறி, சாயங்காலம் இறங்கும் ஜீப்புகள். ஒருநாள் ஆள் எண்ணிக்கை தப்பிப்போய் ஒரு பெண்ணை எஸ்டேட்டிலேயே விட்டுவிட்டு வண்டி இறங்கிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகப் போய் அழைத்து வந்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு பாய்க்கு வந்த யோசனைதான் அந்தச் செயலி.

ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு ஜீப்புக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிற ஒரு அம்மா இருப்பார், கங்காணி என்று சொல்வோம். அவர் போனில் இன்றைக்கு வந்த பெண்களின் பெயர்களைத் தொட்டு, கீழே இருக்கிற பெரிய பட்டனை அழுத்துவார். அது எங்கள் ஏபிஐக்கு, அதாவது சர்வரின் வாசலுக்கு, வரும். சர்வர் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் 'ஏறிவிட்டார்' என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, பச்சை டிக் காட்டும். சாயங்காலம் மேலே செக்போஸ்ட் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் மறுபடி அழுத்த வேண்டும், அப்போதும் ஒவ்வொரு வீட்டுக்கும் எஸ்எம்எஸ் போகும். காலையில் போன ஆளில் ஒருத்தர் குறைந்தாலும் சிவப்புப் பெருக்கல் குறி வரும். பச்சை வந்தால் வண்டி எடுக்கலாம். சிவப்பு வந்தால் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான்.

என் வேலை சர்வரைப் பார்த்துக்கொள்வது. வாழைக்காய் லாரியில் லோடு ஏற்றி, ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து, கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டிப் பெருக்கி, அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். பாய் என்னை எடுத்ததற்குக் காரணம் என் படிப்பு கிடையாது. "இவன் பூட்டைப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாக்குறவன். சர்வருக்கு இவன்தான் லாயக்கு" என்றார். உண்மைதான். நான் காஸ் சிலிண்டரை மூடிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டு, திரும்பி வந்து பார்க்கிற ஆள்.

என் மனைவி ஈஸ்வரியும் அந்த ஜீப்பில்தான் போய்க்கொண்டிருந்தாள். எங்களுக்கு அனுமந்தன்பட்டி. நான் வடக்கே தேனிக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே அவள் மேற்கே மலைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் ஏறிய எஸ்எம்எஸ் வரும்வரை எனக்கு இட்லி இறங்காது.

செயலி வந்த முதல் வருசம் ஒரு எஸ்எம்எஸ் போகாமல் போனது. பண்ணைப்புரத்தில் ஒரு வீட்டுக்காரர், மனைவி ஏறினாளா இல்லையா என்று தெரியாமல் பைக்கை எடுத்துக்கொண்டு மலையடிவாரம் வரை தேடிப் போய், வழியில் சறுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அந்த அம்மா மேலே சௌகரியமாக ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தார். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் நான் ஒரு வேலை செய்தேன். எஸ்எம்எஸ் அனுப்பித் தருகிற கம்பெனி, "சேர்ந்துவிட்டது" என்று திருப்பிச் சொல்லும்வரை சர்வர் காத்திருக்கும். ஒரு பெண்ணுக்கு வந்த பிறகு அடுத்த பெண். பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு பேருக்கும் வந்த பிறகுதான் பச்சை டிக். அதற்கு மேல் ஒரு தடவை எல்லாம் சரியா என்று முதலிலிருந்து எண்ணிப் பார்க்கவும் எழுதினேன்.

"பூட்டு பலமா இருக்கா மாப்ள?" என்றார் பாய்.

"இழுத்துப் பாத்துட்டேன் பாய்."

அப்போது பத்து ஜீப். பச்சை டிக் கொஞ்சம் யோசித்து வந்தாலும் யாரும் கவனிக்கவில்லை. அடுத்தடுத்த வருசங்களில் கம்பம், கூடலூர், சின்னமனூர் என்று ஜீப்புகள் சேர்ந்து நூறைத் தாண்டின. பச்சை டிக் ஒரு நிமிசம் எடுத்தது. அப்புறம் இரண்டு. சில நாள் நாலு. எஸ்டேட்டில் காலைப் பெரட்டில் ஆள் பெயர் கூப்பிடும்போது அங்கே நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, திரும்பி வர வேண்டியதுதான்.

ஈஸ்வரி வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிப்பாள். "ஏங்க, உங்க டிக்கு வர்றதுக்குள்ள செடியில ஏலக்கா பழுத்து உதுந்துரும் போல."

"டவர் சரியில்லடி."

"டவரா? அங்கன நின்னுதான் எங்க கங்காணியம்மா மக கூட வீடியோ கால்ல பேசுறாக. முகமெல்லாம் பளிச்சுனு தெரியுது."

நசீமா அப்போதுதான் சேர்ந்திருந்தாள். உங்களுக்கெல்லாம் இப்போது அவள் மேடம், அன்றைக்குப் படிப்பை முடித்த கையோடு வந்த பிள்ளை. முதலில் டேட்டாபேஸைப் பார்த்தாள். இன்டெக்ஸ் இல்லாத இடத்தில் போட்டாள், கொஞ்சம் நிமிர்ந்தது. ஒவ்வொரு பதிலோடும் ஜீப்பின் நாலு பக்கப் போட்டோவும் போய்க்கொண்டிருந்தது, அதை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. மறுபடி படுத்துவிட்டது. ஒருநாள் சர்வரின் சுமையைக் காட்டும் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"அண்ணே, இந்தக் கோடு காலையில அஞ்சு நிமிசம் மட்டும் பனைமரம் மாதிரி நிக்கிது. அதுக்கு முன்னாலயும் ஒண்ணுமில்ல, பின்னாலயும் ஒண்ணுமில்ல. அதுலயும் செவ்வாயும் வெள்ளியும் ரெண்டு பனைமர உசரம். சர்வருக்கு என்னண்ணே வெள்ளிக்கிழம?"

எனக்கும் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஈஸ்வரியோடு ஜீப்பில் ஏறிவிட்டேன். பின்னால் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். "மாப்பிள்ளைக்கும் ஏலக்கா எடுக்கத் தெரியுமா ஈசு?" என்று ஒருத்தி கேட்க, "அவரு எடுத்ததையே மூணு தடவ எண்ணுவாரு" என்றாள் ஈஸ்வரி. வண்டி குலுங்கியது ரோட்டாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை.

மலை ஏறுகிற இடத்தில் ஒரு கருப்பசாமி உண்டு. எல்லா ஜீப்பும் அங்கே நிற்கும். டிரைவர் இறங்கிச் சூடம் காட்டி, கும்பிட்டு வந்துதான் மேலே எடுப்பார். வெள்ளி, செவ்வாய் என்றால் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுப்பார். பூசாரி மொத்தமாக ஒரே தீபாராதனைதான் காட்டுவார், அதற்காக முன்னால் வந்த வண்டிகளும் காத்து நிற்கும். அன்றைக்கு நாற்பது ஜீப் நின்றது. பெண்கள் ஊரிலேயே ஏறிவிட்டார்கள், பெயர் எல்லாம் தொட்டாகிவிட்டது. ஆனாலும் ஒரு கங்காணிகூடப் பட்டனை அழுத்தவில்லை.

எங்கள் வண்டிக் கங்காணியம்மாவிடம் கேட்டேன். அவர் பெயரை இங்கே போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அறுபதை நெருங்கிய வயது, இடுப்பில் சொருகிய வெற்றிலைப் பையும் கையில் குடையும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

"ஏம்மா, ஆளெல்லாம் அனுமந்தன்பட்டியிலயே ஏறியாச்சே. அங்கனயே அமுக்கலாம்ல?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சூடம் காட்டாம பொறப்பட்டாச்சுன்னு சொல்லலாமா தம்பி? வெளங்கவா?"

தீபாராதனை முடிந்தது. மணி அடித்தது. நாற்பது கங்காணிகளும் கண்ணில் ஒற்றிக்கொண்ட கையோடு நாற்பது பட்டனை அழுத்தினார்கள். நசீமாவின் பனைமரம் என் கண் முன்னால் முளைத்தது.

போனில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கங்காணியம்மா மறுபடி அழுத்தினார். மறுபடி. "வரலேன்னா இன்னொரு அமுக்கு" என்று பக்கத்து வண்டிக்காரிக்கு யோசனையும் சொன்னார். ஒவ்வொரு அழுத்தலும் சர்வரில் இன்னொரு ஆளைப் போய் உட்கார வைக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"உள்ள என்னதான் தம்பி பண்ணுது அது?"

விளக்கினேன். பெயர் எழுதும், அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லும், சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும், பார்த்துவிட்டுப் பச்சை காட்டும்.

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "நானும் ஆளை எண்ணித்தான் வண்டிய எடுக்கச் சொல்லுவேன். எண்ணுனா சரி. அதுக்காக ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போன் போட்டு, ஏறிட்டாத்தா, ஏறிட்டாத்தான்னு சொல்லி, அவுக எடுத்து 'சரி'ங்கற வரைக்கும் வண்டிய நிறுத்தி வச்சிருந்தா நாங்க எப்ப போயிப் பெரட்டுல நிக்கிறது? வீட்டுக்குத் தகவல் அது பாட்டுக்குப் போகட்டும். வண்டி இது பாட்டுக்குப் போகணும். எந்தக் கூறுகெட்டவன் தம்பி இப்படி வச்சான்?"

ஈஸ்வரி மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

அந்த இடத்திலேயே எனக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. இதுதான் நான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய பகுதி. புரிந்த பிறகும் நான் அதைச் சரி செய்யவில்லை. காத்திருப்பை எடுத்தால், எந்த வீட்டுக்குத் தகவல் போகவில்லை என்று தெரியாமல் போய்விடுமே. மறுபடி யாராவது பைக்கை எடுத்தால்? சனிக்கிழமை ஆபீஸில் நசீமா, "என்னண்ணே பாத்தீக?" என்று கேட்டாள். "சூடம் காட்டிட்டு ஒண்ணா அமுக்குறாக தாயி. அப்புறம் டவரும் சரியில்ல" என்றேன். பாதி உண்மை, பாதி பொய். பதினோரு நாள் அந்தப் பொய்யோடு இருந்தேன். அந்தப் பிள்ளையும் டவரைத் தேடி மேப்பில் பதினோரு நாள் அலைந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையிலிருந்தே மலைப்பக்கம் கறுத்துக்கிடந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். பாயின் பழைய டிரைவர் ஒருவர் கம்பம்மெட்டு ரோட்டில் கீழ் வளைவிலிருந்து போன் செய்தார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் உருள்பொட்டல் என்று சொல்வார்கள், நமக்கு மண்சரிவு. "பாய், பாதி ரோட்டைக் காணோம். மண்ணு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. மேல இருக்குற வண்டிய ஒண்ணுகூட விடாதீக."

மழை பார்த்து எல்லா எஸ்டேட்டிலும் பெண்களைச் சீக்கிரமே விட்டிருந்தார்கள். எப்போதும் ஒன்று ஒன்றாக வருகிற ஜீப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் செக்போஸ்டுக்கு வந்து நின்று பட்டனை அழுத்திக்கொண்டிருந்தன. செக்போஸ்டுக்குப் போன் போட்டோம், லைன் கிடைக்கவில்லை. கங்காணிகளுக்குப் போட்டோம், எல்லாம் பிஸி. சிக்னல் கிடைத்த இடத்தில் எல்லா அம்மாக்களும் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செயலி வழியாக எல்லாருக்கும் 'நிறுத்து' என்று செய்தி அனுப்ப நம்மிடம் ஒரு வசதி இருந்தது. நசீமா அனுப்பினாள். வட்டம் சுற்றியது.

எங்கள் சர்வரில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலைகள் நடக்கும். பன்னிரண்டு கவுண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலும் ஆள் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, எஸ்எம்எஸ் கம்பெனி 'சேர்ந்தது' என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். வரிசையில் கங்காணிகளின் இரண்டாவது அழுத்தல், மூன்றாவது அழுத்தல். கடைசியில் எங்கள் 'நிறுத்து'. உயிர் காக்கிற செய்தி, நான் போட்ட பூட்டுக்கு வெளியே நின்றது.

ஈஸ்வரி வண்டி எங்கே என்று பார்த்தேன். காலையில் ஏறியது இருந்தது. சாயங்காலத்துக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் அழுத்திவிட்டு வரிசையில் நிற்கிறார்களா, இன்னும் செக்போஸ்டுக்கு வரவில்லையா, இல்லை டிரைவர் பொறுமை கெட்டுப் பச்சை வராமலே வண்டியை எடுத்துவிட்டாரா, எதுவும் தெரியாது. அவள் போன் அணைந்திருந்தது.

"நசீமா, டவர் இல்ல. நான்தான்" என்றேன்.

"என்னண்ணே?"

"பச்சை டிக் காட்டுறதுக்கு முன்னால ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காத்திருக்கச் சொல்லி நான் எழுதி வச்சிருக்கேன். கோயில்ல வச்சே தெரிஞ்சுபோச்சு. உன்கிட்ட சொல்லல."

அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. திரும்பி நான் எழுதிய புரோகிராமைத் திறந்து, நான் சொன்ன வரியைக் கண்டுபிடித்தாள். "எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணிர்றேன். பத்தே விநாடி." விரல் பட்டன்மேல் போய்விட்டது.

"பொறு தாயி!"

இத்தனை வருசம் என்னைப் படுத்திய அதே பயம்தான் அன்றைக்குக் கை கொடுத்தது. எடுத்தால் அடுத்த நிமிசம் என்ன ஆகும்? அங்கே எல்லாரும் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். காத்திருப்பு போய்விட்டால் அழுத்தியவர்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் பச்சை டிக் போகும். எங்கள் 'நிறுத்து' போய்ச் சேர்வதற்குள் முப்பது நாற்பது ஜீப் மண்ணை நோக்கி இறங்க ஆரம்பித்துவிடும். இவ்வளவு நேரமும் அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தது எங்கள் மெதுவான ஏபிஐதான்.

"பச்சை போகக் கூடாது. யாரு அமுக்குனாலும் சிவப்பு. பேரை எழுதிக்க, சிவப்பைக் காட்டு, எஸ்எம்எஸ்ஸ ஒரு ஓரமா வரிசையில போட்டுவை, பின்னால போகட்டும்."

நசீமா கையை எடுத்தாள். "ஆமாண்ணே" என்றாள், ரொம்ப மெதுவாக. அவள் அடிக்க, நான் வரிவரியாக வாய்விட்டுப் படித்தேன். கதவில் பாய் நின்றுகொண்டிருந்தார்.

"வீடுகளுக்கு மெசேஜ் போகாதா மாப்ள?"

"போகும் பாய். பிந்திப் போகும்."

"போச்சான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது பாய்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. பாய் தலையாட்டினார். "நீ போட்ட பூட்டு. நீயே தொற."

ரீஸ்டார்ட்.

சர்வர் நடப்பை எழுதிக்கொண்டே வரும் லாகில் வரிகள் விழ ஆரம்பித்தன. எப்போதும் ஒரு வரி விழுந்தால் டீ குடித்துவிட்டு வந்து அடுத்த வரியைப் பார்க்கலாம். இப்போது கண் ஓடவில்லை. வண்டி எண், பெயர்கள், சிவப்பு. வண்டி எண், பெயர்கள், சிவப்பு. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை ஒவ்வொன்றுக்கும். மேலே மழைக்குள் ஒவ்வொரு கங்காணி கையிலும் சிவப்புக் குறி எரிந்துகொண்டிருந்தது. 'நிறுத்து' செய்தியும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது.

நசீமா பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக அடித்துக்கொண்டு வந்தாள். எல்லாம் வந்துவிட்டது. ஒன்றைத் தவிர. அவள் எண்ணைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. லாகைப் பிறகு எடுத்துப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு வரி விழுந்தது. எங்கள் வண்டி எண். பன்னிரண்டு பெயர். ஏழாவது பெயர் ஈஸ்வரி. சிவப்பு.

சிவப்பைப் பார்த்து அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு மணி நேரம் கழித்து யாருடைய போனிலிருந்தோ பேசினாள். "ஏங்க, சாப்டீகளா?" என்று ஆரம்பித்தாள். மலைச்சரிவில் நிற்கிறவள் என்னிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

"நீ எங்கன இருக்க?"

"செக்போஸ்ட் பள்ளிக்கூடத்துல. மலையாளத்துச் சேச்சிக ரெண்டு பேரு பால் போடாத கட்டன்சாயாவும் கப்பக்கிழங்கும் தந்தாக. கிழங்கு நல்லா மாவா வெந்திருக்கு."

"ஏன் அவ்வளவு பிந்தி அமுக்குனீக?"

"எங்க அமுக்குறது? கங்காணியம்மா போனும் எம்போனும் நனைஞ்சு அணைஞ்சுபோச்சு. டிரைவரு, ஆளெல்லாம் இருக்கு, டிக்கு எதுக்கு, எறக்கிருவோம்னு வண்டிய எடுத்துட்டாரு. கங்காணியம்மா குதிச்சுப்போயி வண்டிக்கு முன்னால கொடையோட நின்னுட்டாக. பச்சை வராம எம்மேல ஏத்திட்டுப் போன்னுட்டாக. அப்புறம் அடுத்த வண்டிக்காரி போனை வாங்கி எங்க பேரெல்லாம் தொட்டு அமுக்குனா, செவப்பு. இன்னைக்குச் சீக்கிரமா வந்துருச்சுங்க. அமுக்குன கையோட வந்துருச்சு. என்ன பண்ணுனீக?"

"ஒண்ணும் பண்ணல. ஒரு வரிய எடுத்தேன்."

"முன்னாலயே எடுத்திருக்கலாம்ல?"

மறுநாள் மத்தியானம் ரோட்டைச் சரிசெய்த பிறகு ஜீப்புகள் வரிசையாக இறங்கின. எல்லா வண்டியும் கருப்பசாமி முன்னால் நின்றுவிட்டுத்தான் ஊருக்குள் வந்தன. பாய் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

ஓரமாகப் போட்டு வைத்த எஸ்எம்எஸ்கள் அன்றைக்கே ஒன்று ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. என் போனுக்கு வந்தபோது நான் ஏற்கெனவே அவளோடு பேசி முடித்திருந்தேன். பண்ணைப்புரத்துக்காரரும் போன் செய்தார். "மெசேஜு பிந்தித்தான் வந்துச்சு. ஆனா இந்தத் தடவ நான் பைக்கை எடுக்கலப்பா" என்றார்.

இப்போது நீங்கள் வேலை பார்க்கிற சர்வரில் அந்தக் காத்திருப்பு கிடையாது. எந்த வீட்டுக்குத் தகவல் போகவில்லை என்று பின்னால் தனியாக ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கும், போகாததை மறுபடி அனுப்பும். என் பயம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, கவுண்டருக்குப் பின்னால், யாருக்கும் தொந்தரவு இல்லாமல். ஒரே வண்டி நாலு தடவை அழுத்தினாலும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த அஞ்சு நிமிசப் பனைமரத்துக்காக மட்டும் கவுண்டர்களைக் கூட்டியிருக்கிறோம். சூடத்துக்கு முன்னால் அழுத்தச் சொல்லி கங்காணிகளுக்கு உத்தரவு போடலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நசீமா சொன்னாள், "கருப்பசாமி அங்கயே இருக்கட்டும். நாம மாறிக்குவோம்." எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

உங்கள் ஏபிஐ மெதுவாகப் பதில் சொன்னால் இன்டெக்ஸைப் பாருங்கள், தேவையில்லாத மூட்டையைப் பாருங்கள், எல்லாம் பாருங்கள். அதோடு ஒன்று கேளுங்கள். அந்தப் பக்கம் நிற்கிற ஆள் எதற்காக நிற்கிறார்? அவருக்குத் தெரிய வேண்டியதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, மற்றதை அவர் போன பிறகு பாருங்கள். எங்கே எதற்காகக் காத்திருக்க வைத்திருக்கிறது என்று பார்த்தால், பல நேரம் அங்கே என்னை மாதிரி ஒரு பயந்தவன் இருப்பான். அவனைத் திட்டாதீர்கள், அவனுக்குக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு இடம் போட்டுக் கொடுங்கள். வேகமாக்குவதற்கு முன்னால், வேகமானதும் அடுத்த நிமிசம் என்ன ஆகும் என்று அவனையே கேளுங்கள். அவனுக்குத் தெரிந்திருக்கும். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். என் பதினோரு நாளில் எந்த நாள் வேண்டுமானாலும் மழை பெய்திருக்கலாம்.

நான் வேலையிலிருந்து நின்று ஒரு வருசம் ஆகிறது. ஈஸ்வரி நிற்கவில்லை. கங்காணியம்மா மகள் வீட்டோடு போய்விட, அந்த வண்டிக்கு இப்போது அவள்தான் கங்காணி. காலையில் போனையும் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். நான் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து இட்லி சாப்பிடுகிறேன். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் எஸ்எம்எஸ் வருகிறது.

காஸ் சிலிண்டரை மட்டும் இன்னும் மூணு தடவை பார்க்கிறேன். அதற்காக யாரும் வரிசையில் நிற்கவில்லையே.